கைக்கு ஏற்ற கத்தி எது? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அரிவாள்மனையைப் பற்றியும் தேங்காய் உரிக்கும் கருவிகளைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லும் கத்திகளைப் பற்றியே கேட்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக அரமும் சாணைக்கல்லுமாகக் காலம் கழித்தவன் என்பதால், எனக்கு இவை மிகவும் விருப்பமான கேள்விகள். இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க விரும்புகிறேன். நூறு வகை கண்ணில் படுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

தம்பி, வாங்குவதற்கு முன்பு ஒரு வாரம் பொறுத்திருந்து, "இப்போது ஒரு கத்தி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றிய ஒவ்வொரு வேளையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடா, பால் பாக்கெட்டின் முனை, சட்டையில் தொங்கும் நூல், கொய்யாப்பழம், பார்சல் கட்டிய சணல் ஆகியவைதான் அதில் இருக்கும். இவற்றில் எதற்கும் 6 அல்லது 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகு தேவைப்படாது. படங்களில் பார்க்கும்போது மனத்தைக் கவர்கிற கறுப்புப் பூச்சும், முதுகில் ரம்பப் பல்லும், 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கத்திகள் இந்த வேலைகளில் எல்லாம் தோற்றுப்போகும். தடித்த அலகு கொய்யாப்பழத்தை அறுக்காது, ஆப்பு இறங்குவதுபோல இறங்கிப் பழத்தைப் பிளந்துவிடும். ஆகையால் நான் முதலில் பார்ப்பது அலகின் மெலிவைத்தான். கூருக்குச் சற்று மேலே விரல்களால் பிடித்துப் பார்த்தால் அட்டை போல மெலிந்திருக்க வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். முதலாவது விக்டோரினாக்ஸ். கார்ல் எல்சனர் என்பவர் சுவிட்சர்லாந்தில் 1884ஆம் ஆண்டு தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. பல கருவிகள் சேர்ந்து மடங்குகிற அதிகாரிக் கத்திக்கு அவர் 1897ஆம் ஆண்டு சட்டப் பாதுகாப்புப் பெற்றார். மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் சிறிய வகை சாவிக்கொத்தில் தொங்குவதே தெரியாது. ஆனால் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் 91 மில்லிமீட்டர் வகைதான் வசதியானது. அதன் எஃகு மிகக் கடினமானது அன்று, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் ஏறத்தாழ 56. இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். சீக்கிரம் மழுங்கினாலும் எந்தச் சாதாரணக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி கூர் ஏறிவிடும் என்பதால், தீட்டப் பழகுகிற ஒருவருக்கு இது நல்ல குணம் என்பேன்.

இரண்டாவது, பிரான்சு நாட்டின் சவோயாப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890ஆம் ஆண்டு உருவாக்கிய, உருண்டை மரப்பிடியுள்ள ஒப்பினெல் கத்தி. அதன் 8ஆம் எண் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமும், நம் வீட்டுக் காய்கறிக் கத்தியின் மெலிவும் கொண்டது. கைக்குள் பொருந்துகிற அந்த மரப்பிடியின் இதம் உலோகப் பிடிகளில் கிடைப்பதில்லை. மழையில் நனைந்தால் மரம் ஊறிக்கொண்டு அலகு திறக்க மறுக்கும். ஒரு நாள் உலரவிட்டால் சரியாகும்.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவிஸ் கத்தியின் 91 மில்லிமீட்டர் வகைகளில் அலகை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு கிடையாது, முதுகிலுள்ள வில்லின் விசை மட்டுமே அதைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. ஒப்பினெலில் 1955ஆம் ஆண்டு முதல் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது, அதைத் திருப்பினால் அலகு அசையாது. பூட்டில்லாத கத்தியைக் கொண்டு அறுக்கலாம், சீவலாம், ஆனால் முனையால் குத்தித் துளையிடக் கூடாது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவரைப் பந்தலுக்காக ஒரு மூங்கிலில் பூட்டில்லாத கத்தியின் முனையை வைத்துத் திருகினேன். முனை மூங்கிலில் சிக்கிக்கொள்ள, அலகு என் ஆள்காட்டி விரலின் மேலேயே மடங்கியது. மூன்று தையல் போட்டார்கள். அந்த விரலின் நுனியில் இன்றும் உணர்ச்சி குறைவு. கத்தியின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதற்கு உரியதல்லாத வேலையைக் கொடுத்தவன் நான்.

இன்னொன்று, பல விடுதிகளிலும் வளாகங்களிலும் எந்த அளவுக் கத்திக்கும் அனுமதி இல்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்ல தோலில் நானே உறை தைத்துப் போட்டும் கத்தியில் கறுப்புக் கறையும் துருவும் வருகின்றன. தோலில் குறையா, கத்தியில் குறையா?
*தோல் தொழிலாளி, ஆம்பூர்*

தோலைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போலத்தான். இருந்தாலும் எஃகின் பக்கமிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் பக்கத்துத் தொழிற்கூடங்களில் பெருமளவு பதனிடப்படுவது குரோம் தோல். அந்தத் தோலில் தங்கிவிடும் உப்பும் அமிலமும், காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும். செருப்புக்கும் கைப்பைக்கும் குரோம் தோல் மிகச் சிறந்தது, அதில் மறுப்பே இல்லை. அது வளைந்துகொடுக்கும் தோல் என்பதால் கத்தியின் முனை அதைக் குத்தித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்கிற ஆபத்தும் உறைக்கு உண்டு. ஆகவே, பட்டையில் பதனிட்ட, விறைப்பான, 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தோலையே உறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பட்டைத் தோலிலும் கறுப்பு வரும். அதன் காரணம் நம் பாட்டன்மாருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப்பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியலை வைத்துத்தான். வாழைப்பூவையோ மாங்காயையோ இரும்புக் கத்தியால் நறுக்கினால் அலகு கறுப்பதும் இதனால்தான். ஆகவே உங்கள் கத்தியில் படியும் கறுப்பு ஒருவகையில் மைதான், அலகுக்கு அதனால் கேடில்லை. கேடு செய்வது செம்பழுப்பாகப் பொடி உதிர்கிற துரு. கறுப்பை விட்டுவிடலாம், செந்துருவை அன்றே துடைத்தெடுக்க வேண்டும்.

உறை என்பது கத்தியை எடுத்துச் செல்வதற்கு, குடிவைப்பதற்கு அன்று. வீடு திரும்பியதும் கத்தியை வெளியே எடுத்து, துடைத்து, தனியாக வையுங்கள். பித்தளை ஆணி அடித்த உறையானால் ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டும், அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்தால் போதும். உறையின் உட்புறத்துக்கு எண்ணெய் விடாதீர்கள். தோல் தளர்ந்து கத்தியைப் பிடித்து நிறுத்தும் இறுக்கம் போய்விடும்.

பறவைகளைப் பார்க்க ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அடிக்கடி செல்கிறேன். மலைக்கு எந்தக் கத்தி சரி? உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கலாமா?
*பள்ளி ஆசிரியர், திருப்பத்தூர்*

ஐயா, மலைக்கு மடக்குக் கத்தியைவிட மடங்காத கத்தியே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மணலும் சேறும் புகுந்து கெடுவதற்கு அதில் கீல் இல்லை, ஈரக்கையால் திறக்க வேண்டியதில்லை, விரல் மேல் மடங்காது. நீளம் 10 சென்டிமீட்டர் போதும். பையின் கனத்தைக் குறைக்க எத்தனையோ பாடுபடுகிற நாம், ஒரு அடி நீள இரும்பைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் ஏறுவதில் பொருளில்லை.

கடையில் வாங்குவதானால், சுவீடனின் மோரா ஊரில் செய்யப்படும் மோராக்னிவ் கம்பேனியன் வகையைத் தயங்காமல் சொல்வேன். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலகு, 2.5 மில்லிமீட்டர் தடிமன், ரப்பர் பூசிய பிடி, தண்ணீர் தங்காத பிளாஸ்டிக் உறை என்று, மலையில் தேவைப்படுவது எல்லாம் இருக்கிறது, தேவைப்படாதது ஒன்றும் இல்லை. அதன் அலகில் கூரை நோக்கிச் சரியும் பட்டை அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால், தீட்டும்போது அந்தப் பட்டையைக் கல்லில் படிய வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். கரி எஃகிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் கிடைக்கிறது. வேலூர் வெயிலில் துருவுக்குக் காரணம் மழையைவிட நம் வியர்வைதான் என்பதால், நாள் முழுதும் இடுப்பில் தொங்கப்போகிற கத்திக்கு ஸ்டெயின்லெஸ்ஸே மேல்.

ஸ்டெயின்லெஸ் என்றதும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் அன்று என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். நல்ல தரமான எவர்சில்வர்த் தட்டு 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. அதில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது, ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தவும் முடியாது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் வேறு இனம். அதில் காந்தம் நன்றாக ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறையைக் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆசை. ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொடுவாளும் கத்தியும் அடிக்கிற ஒரு முதியவரிடம் நான் மாலை நேரங்களில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் தோய்ச்சலை ஒருபோதும் நண்பகலில் கொடுக்க மாட்டார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்று, பொழுது சாய்ந்து பட்டறைக்குள் இருள் படிந்த பிறகே துருத்தியை அழுத்துவார். அலகு பழுத்த செந்நிறத்தைத் தாண்டிச் சற்று ஆரஞ்சுக்குத் திரும்பும்போது இடுக்கியால் எடுத்து, முனை முதலில் இறங்கும்படி எண்ணெயில் செருகுவார். ஒரே ஒரு சீறல் கேட்கும், புகை எழும், அவர் அசையாமல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நிற்பார். எஃகு சூடேறி ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தத் தன்மையை இழக்கிறது, அதற்குச் சற்று மேலேதான் தோய்ச்சலுக்குரிய பதம். கருவி ஏதுமின்றி, நிறத்தை மட்டும் பார்த்து அந்தப் பதத்தை அவர் பிடிப்பதைக் கண்டு நான் ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன்.

ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கரி உண்டு. கத்திக்கு அது நல்ல எஃகு, உடையாமல் வளைந்துகொடுக்கும். ஆனால் லாரிக்குத் தேவையான பதத்தில் அது மென்மையாக இருக்கும். அதை மறுபடி காய்ச்சித் தோய்க்காமல், கிரைண்டரில் வடிவம் வெட்டிப் பளபளப்பாக்கி மட்டும் விற்கிற கத்திகளும் சந்தைகளில் இருக்கின்றன, அவற்றில் கூர் நிற்காது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு புதிய அரத்தை எடுத்து, கூருக்குப் பக்கத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவது போலக் கடித்து இரும்புத்தூளை உதிர்த்தால் தோய்ச்சல் இல்லை. வழுக்கினாலோ, மிகவும் கஷ்டப்பட்டுப் பிடித்தாலோ தோய்ச்சல் இருக்கிறது. பட்டறைக்காரர் முன்பாகவே இப்படிப் பார்க்கலாம், நல்ல கொல்லர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடித்துத் தரச் சொல்லும்போது, "முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், நீளம் நாலு அங்குலம் கூடக் குறைய இருக்கட்டும், பிடிக்குப் புளியங்கட்டை போடுங்கள், பூண் இறுக்கமாக வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விறகு பிளக்கும் கனத்தில்தான் கிடைக்கும், ஏனென்றால் அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

காட்டில் கத்தியால் செய்யக்கூடிய வேலை உண்மையில் மிகக் குறைவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிய பலர் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு, வனத்துறையின் அனுமதியில்லாமல் காட்டுப் பாதையில் மலையேறுவதைத் தடுக்கும் விதிகள் அதே ஆண்டில் கொண்டுவரப்பட்டன. சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடங்களில், எழுத்து மூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அனுமதி வாங்கும்போதே கத்தி வைத்திருப்பதைச் சொல்லி, எடுத்துவரலாமா என்று கேட்டுவிடுவது நல்லது. கரடி வந்தால் உதவும் என்று யாராவது பெரிய கத்தியைச் சிபாரிசு செய்தால் ஏற்காதீர்கள். கரடியின் எதிரே கத்தி எதற்கும் உதவாது, சத்தமாகப் பேசிக்கொண்டு கூட்டமாக நடப்பதுதான் உதவும்.

கத்தி வைத்திருப்பது சட்டப்படி தவறா?
*வாசகர், ஆற்காடு*

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், அலகின் நீளம் 9 அங்குலத்துக்கு மேலோ அகலம் 2 அங்குலத்துக்கு மேலோ உள்ள கத்திகளையும் வாள், குத்துவாள் போன்றவற்றையும் ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதிலிருந்து விலக்குப் பெற்றவை. மேலே நான் சொன்ன கத்திகள் எல்லாம் இந்த அளவுக்கு வெகுவாகக் கீழே இருக்கின்றன. ஆனாலும் அளவு சிறியது என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடாது. நீதிமன்றம், பொதுக்கூட்டம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களுக்குக் கத்தி வேண்டாம். விமானத்தில் கைப்பையில் இருந்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள், சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் சட்டென்று பாய்ந்து திறக்கும் வகைகளை வாங்கவே வேண்டாம், பார்ப்பவர் கண்ணுக்கு அது கருவியாகத் தெரியாது. காவலர் கேட்டால், இது எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் விடை சொல்ல முடிய வேண்டும்.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அன்றைக்கு நன்றாக அறுக்கிறது, ஒரே வாரத்தில் மழுங்கிவிடுகிறது. ஏன்?
*செவிலியர், வேலூர்*

அம்மா, சாணைச் சக்கரத்திலிருந்து பொறி பறக்கும்போது அலகின் விளிம்பை உற்றுப் பாருங்கள். எங்காவது நீல நிறம் ஓடினால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகைச் சூட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். தோய்த்த கத்தி நொறுங்காமலிருக்க அதை மறுபடி மெல்லச் சூடாக்கும்போது பெரும்பாலும் 200 பாகையை ஒட்டித்தான் நிறுத்துவார்கள், அது வெளிர்மஞ்சள் நிறம். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, அதற்குமேல் எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் தங்காது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வெயிலில் அலையும் அந்தத் தொழிலாளியைக் குறைசொல்லவில்லை. அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடித்தால் அதே சக்கரத்தில் நல்ல கூர் வரும், அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். சக்கரத்தை மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் விட்டுவிட்டு, சிறிய கத்தியை நீங்களே கல்லில் தீட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 என்று எண்ணிட்ட தண்ணீர்க்கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, ஈரத்துணியின் மேல் நகராதபடி வையுங்கள். கோணம் பக்கத்துக்கு 20 பாகைக்குள் இருக்க வேண்டும். பாகைமானி தேவையில்லை, அலகின் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 20 பாகை வந்துவிடும். 2 சென்டிமீட்டர் அகலமானால் 7 மில்லிமீட்டர். அந்த உயரத்தை மாற்றாமல், கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவது போல, பிடியை ஒட்டிய குதியிலிருந்து முனை வரை தள்ளிக்கொண்டே போங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தால் கூரின் மறுபக்கத்தில் மிக மெல்லிய பிசிர் ஒன்று எழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கட்டைவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, கூரைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால் நகத்தில் நூல் சிக்குவதுபோல ஒரு சொரசொரப்புத் தட்டும். விரலைக் கூரின் நெடுகே மட்டும் ஓட்டக் கூடாது. குதி முதல் முனை வரை அந்தச் சொரசொரப்பு அறுபடாமல் இருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, மறுபக்கத்துக்குத் திருப்புங்கள். அங்கும் பிசிர் எழுந்த பிறகு, 3000 கல்லில் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறி இழுத்தால் பிசிர் உதிர்ந்துவிடும். கடைசியாக, பழைய இடுப்புவாரின் சொரசொரப்பான உட்புறத்தில், முதுகு முன்னே செல்லும்படி பத்துப் பதினைந்து முறை இழுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தாளை வெட்டுகிறார்கள். நான் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் தோலில் வைத்துப் பார்ப்பேன். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் காய் அது. கூர் குறைந்த கத்தி அந்த வழவழப்பான தோலின் மேல் ஒரு கணம் வழுக்கிவிட்டுத்தான் இறங்கும். நல்ல கூரானால் வைத்த இடத்திலேயே, அலகின் சொந்த எடையாலேயே கடிக்கத் தொடங்கும்.

தீட்டியபின் எண்ணெய் தடவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் காறல் வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும், உணவில் பட்டாலும் கவலையில்லை.

அலையலையாகக் கோலம் ஓடும் "டமாஸ்கஸ்" கத்தி ஒன்று வாங்கினேன். நம் முன்னோர் செய்த உருக்கு இதுதானா?
*கடை உரிமையாளர், வாணியம்பாடி*

இல்லை. தென்னாட்டில் மூசை என்ற மண்கலத்தில் உருக்கி உறையவிட்ட எஃகு, கட்டிக்குள்ளேயே கரி படிந்து தானாகக் கோலம் தந்தது. மேல்நாட்டார் அதைத்தான் ஊட்சு என்று அழைத்தார்கள். இன்று விற்கப்படும் டமாஸ்கஸ், இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒன்றாக அடித்து, மடித்து, அமிலத்தில் தோய்த்துக் கோடுகளை எடுத்துக்காட்டிய கத்தி. நல்ல கையால் செய்தது என்றால் அதுவும் சிறந்த கத்திதான். கோலம் முதுகின் மேலேயும் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கங்களில் மட்டும் இருந்து முதுகு வெறுமையாக இருந்தால், அது மேலே பொறித்த படமாக இருக்கக்கூடும். வெட்டும் திறத்துக்கும் கோலத்துக்கும் தொடர்பில்லை, அரத்தை வைத்துப் பார்க்கும் சோதனை இதற்கும் பொருந்தும்.

என் மகனுக்குப் பத்து வயது. கத்தி வேண்டும் என்று கேட்கிறான். கொடுக்கலாமா?
*தாய், குடியாத்தம்*

கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முனை மழுங்கலான, பூட்டுள்ள, நன்றாகக் கூரேறிய கத்தியாக இருக்கட்டும். மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அது அழுத்தச் சொல்லும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலில்தான் இறங்கும். முருங்கைக் குச்சியின் பட்டையை, உடம்புக்கு எதிர்த்திசையில் சீவச் சொல்லிக்கொடுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள். பிறரிடம் நீட்டும்போது பிடி அவர்கள் பக்கம் இருக்க வேண்டும்.

இத்தனை எழுதுகிறீர்களே, உங்களுக்கு மிகவும் பிடித்த கத்தி எது?
*வாசகி, ஆரணி*

விரலில் தையல் போட்ட பிறகு நான் வாங்கிய ஒப்பினெல் 8ஆம் எண், கரி எஃகு வகை, தினமும் என் சட்டைப்பையில் இருக்கிறது. மாங்காயும் எலுமிச்சையும் அறுத்து அறுத்து அதன் அலகு முழுதும் மேகம் படர்ந்ததுபோலச் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்கிறது, நான் அதைத் தேய்த்துப் போக்குவதே இல்லை.

ஆனால் பிடித்தது என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், ஒடுகத்தூர் முதியவர் அடித்துக் கொடுத்த கத்தியைத்தான் சொல்வேன். அலகில் இரண்டு இடங்களில் சம்மட்டித் தடம் அப்படியே இருக்கிறது, பிடியும் சற்றுக் கோணல். முதன்முதலில் அதைக் கையில் வாங்கியபோது, ஆண்டுக்கணக்காக மாணவர்களுக்கு நேர்க்கோட்டைப் பற்றியே பேசிவந்த எனக்கு அந்தக் கோணல் உறுத்தியது. கேட்டதற்கு, "உங்க கை அப்படித்தான் பிடிக்குது, பார்த்துத்தான் வெச்சேன்" என்றார். அன்று பட்டறையில் நான் அவருடைய இடுக்கியைச் சிறிது நேரம் பிடித்திருந்தேன், அதைக் கவனித்திருக்கிறார். ஆள்காட்டி விரலை முழுதாக மடக்காமல் பிடிப்பது காயத்துக்குப் பிறகு எனக்கு வந்த வழக்கம், அந்தக் கோணல் சரியாக அந்த விரலுக்கு இடம் விட்டிருந்தது. வேறெந்தக் கத்தியும் என் கையில் அப்படிப் பொருந்தியதில்லை.

கோடை வெயிலில் புளியங்கட்டை காய்ந்து சுருங்கி, இப்போது அதன் பூண் தளர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் அவரிடம் எடுத்துப்போகிறேன்.